மரணக் கிணற்று மோட்டார் சைக்கிள்

திங்கள், மாலை.

கொட்டகைக்குள் ஒருவர் செத்துக் கிடந்தார். வாசலில் இன்னொருவனைச் சாகடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கியபோது அந்தச் சந்தில் கால் வைக்க இடமில்லை. நடுவில் ஒரு இளைஞன் சுருண்டு கிடந்தான். யார் கையில் என்ன கிடைத்ததோ அதைக் கொண்டு அடித்தார்கள். செருப்பு, விறகுக்கட்டை, ஒரு சைக்கிள் பம்ப். கொட்டகைச் சுவரை ஒட்டி நின்ற மைக் செட் வேனின் படியில் ஏறி நின்று, தலை நரைத்த ஆள் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"மாமனாரையே அடிச்சுக் கொன்னிருக்கான்! இவனை உயிரோட விட்டா நாளைக்கு நம்ம வீட்டுக்கும் வருவான்!"

வேன் கூரையில் இருந்த இரண்டு ஒலிபெருக்கிகளும் அதைத் தெரு முழுக்கக் கொண்டுபோயின.

இன்ஸ்பெக்டர் வேறு எதுவும் செய்யவில்லை. நேராக வேன் அருகே போய் மைக் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். பிறகு லத்தியைக் கையில் எடுத்தார். பம்ப் வைத்திருந்தவனின் முழங்கையில் ஒன்று, கட்டை வைத்திருந்தவனின் முட்டியில் ஒன்று. மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஸ்டேஷனில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் உப்புத்தாள் என்று பெயர். தேய்த்துக்கொண்டே இருப்பார், உள்ளே இருப்பது தெரியும்வரை.

அடிபட்டவன் இறந்தவரின் மருமகன். ஒரு கண் மூடிவிட்டது. மூச்சு விடும்போது விலாவில் ஏதோ நறநறவென்றது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் தூக்கத்தான் பார்த்தேன் மேடம்... தூக்கத்தான்..."

அதற்கு மேல் பேச முடியவில்லை.

அவர் கொட்டகைக்குள் போனார். தகரக் கூரை, ஒரே கதவு, ஒரே பல்பு. நடுவில் ஸ்டாண்ட் போட்டு ஒரு கிழட்டு மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் டாங்கில் மங்கிப்போன தீச்சுவாலைப் படம். கீழே அதன் சொந்தக்காரர், அறுபது வயது, தெருவுக்கே ஃபிட்டர். முகம் என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. தாடை நொறுங்கி, பற்கள் சிதறி, தரையெல்லாம் இரத்தம். பக்கத்திலேயே பெரிய ஸ்பானர் ஒன்று கிடந்தது. அதன் தலையில் முடி ஒட்டியிருந்தது.

ஏட்டு உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெருத்த உடம்பு, இளகிய மனசு.

"மேடம், இது கேஸே இல்லை. காலையில மாமனாருக்கும் மருமகனுக்கும் பெரிய சண்டை. சாயந்திரம் கை நிறைய இரத்தத்தோட பிடிச்சிருக்காங்க. எழுதி முடிச்சுட்டா வீட்டுக்குப் போயிடலாம்."

"எழுதலாம் ஏட்டையா. அவசரம் என்ன?"

அவர் குனிந்து வண்டியின் சைலன்சரைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

"எப்போ ஸ்டார்ட் ஆச்சாம்?"

"மில்லுல நாலு மணிச் சங்கு ஊதின கையோட. தெருவே கேட்டிருக்கு. அது ஆச்சே ஒரு மணி நேரம், அடுப்பே ஆறிடும்."

அதுவும் நியாயம்தான். இன்ஸ்பெக்டர் பட்டறை மேசையைப் பார்த்தார். ஃபிட்டர் ஒழுங்கான மனிதர். கழற்றிய பழைய சாமான் ஒவ்வொன்றும் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தது. பழைய பிளக், பழைய செயின், விறைத்துப்போன ரப்பர் குழாய்கள், எலி கடித்த ஏர் ஃபில்டர். வரிசையின் கடைசியில் ஆக்சிலேட்டர் கேபிளின் கறுப்பு உறை. எடுத்துப் பார்த்தார். உறை மட்டும்தான் இருந்தது, உள்ளே ஒயர் இல்லை. வண்டியில் புதுக் கேபிள் பளபளத்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வண்டி முழுக்க ஃபிட்டரின் கிரீஸ் விரல் பதிந்திருந்தது. இன்ஜினின் இடப்பக்கத்து வட்ட மூடி மட்டும் துடைத்து வைத்த பாத்திரம் போலச் சுத்தமாக இருந்தது.

கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே கொடியில் வெள்ளைப் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை விலக்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது.

*

ஃபிட்டரின் மனைவி அழவில்லை. அழுகை வருவதற்கு இன்னும் நேரமாகும் போலிருந்தது. மகள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. அப்பாவின் உடம்பு ஒரு வண்டியிலும் புருஷனின் உடம்பு இன்னொரு வண்டியிலும் போயிருந்தன. எதன் பின்னால் ஓடுவது என்று தெரியாமல் நின்றுவிட்டவள் அவள்.

"காலையில என்ன சண்டை?"

மகள்தான் பதில் சொன்னாள். "அந்த வண்டியாலதான். என் சித்தப்பா உயிரைக் குடிச்ச வண்டி அது. அதைத் திரும்ப ஓட்டப் போறேன்னு அப்பா ஒரு மாசமா கொட்டகையே கதின்னு கிடந்தார். 'அந்தச் சனியனை வீட்டுக்குள்ள வெச்சுக்காதீங்க, உங்களையும் சேர்த்து எடைக்குப் போட்டுடுவேன்'னு என் வீட்டுக்காரர் கத்தினார். கோபத்துல சொல்றதுதானே மேடம்? எத்தனை பேர் எத்தனை சொல்றாங்க?"

"சித்தப்பா எப்படி இறந்தார்?"

மனைவி நிமிர்ந்தார். "மரணக் கிணறு தெரியுமில்ல? பலகையில கிணறு மாதிரி கட்டி, சுவத்து மேலேயே வண்டி ஓட்டுவாங்களே. என் கொழுந்தன் ஓட்டுவான். இவர்தான் வண்டிக்கு ஃபிட்டர். வாசல்ல வேன் படியில நின்னு கத்தினாரே நம்ம மைக்காரர், அவர் வெளியே நின்னு கூட்டம் சேர்ப்பார். மூணு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஆட்டத்து நடுவுல ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துடுச்சு. மேலேயிருந்து விழுந்தான். வண்டி அவன் மேலேயே விழுந்துச்சு."

"கேபிள் எப்படி அறுந்தது?"

"பழசாயிடுச்சு, இவர் மாத்தாம விட்டுட்டார். அப்படின்னு அவரே சொல்லுவார். 'என் தம்பியை நான்தான் கொன்னேன்'னு. அன்னிக்கு வண்டியைக் கொட்டகையில போட்டுப் பூட்டினவர்தான். கிட்டேயே போகலை. அறுந்த கேபிளை உருவிக்கூடப் பார்க்கலை. தூக்கத்துல கத்துவார். இந்த வருஷம்தான், சாகறதுக்குள்ள ஒருதரம் அது ஓடறதைப் பார்த்துடணும்னு இறங்கினார்."

சுவரில் ஒரு இளைஞனின் படம் இருந்தது. தோல் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. சட்டத்தின் பின்பக்கம் மட்டும் வெயில் பட்டு வெளுத்து, நூலாம்படை படிந்திருந்ததை இன்ஸ்பெக்டர் விரலால் தடவிப் பார்த்தார்.

"அவன்தான்," என்றார் மனைவி. "அந்தப் படத்தைப் பார்க்க முடியலைன்னு அவர் சுவத்துப் பக்கமாத் திருப்பி வெச்சிருந்தார், இத்தனை வருஷமா. இன்னிக்கு மத்தியானம் உள்ளே வந்தவர் நேராத் திருப்பி மாட்டினார். ஏன்னு கேட்டேன். பதில் சொல்ல வாய் இருந்தாத்தானே? எதையோ அதக்கிக்கிட்டு, 'ம்ம், அப்புறம்'னு கையைக் காட்டிட்டுப் போயிட்டார்."

"வாயில என்ன?"

"எந்தச் சனியனோ. பொடிசா இருக்கற சாமானையெல்லாம் கன்னத்துல அடக்கிக்குவார். கீழே வெச்சா தொலைஞ்சுடுமாம். கல்யாணமான புதுசுல ஒரு ஸ்க்ரூவை முழுங்கிட்டு ரெண்டு நாள் என்னையும் சேர்த்துக் கக்கூஸ் வாசல்ல காவல் வெச்சார்."

சொல்லிக்கொண்டே சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

*

சந்து முனையில், கொட்டகையிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி, டீக்கடை. மைக்காரர் அங்கே பெஞ்சில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். குரல் மட்டும் கம்மவில்லை. இருபது வருஷம் கூட்டம் சேர்த்த குரல்.

"நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"மூணு மணிக்கு மேல. வேனை அங்க நிறுத்திட்டு உள்ளே போனேன். சிரிச்சுப் பேசினான் மேடம். 'சங்கு ஊதறதுக்குள்ள உதைச்சுடுவேன், நீ போய் டீ குடிச்சுட்டு வா'ன்னான்."

"வண்டி அப்போ எப்படி இருந்தது?"

"எல்லாம் மாட்டி முடிச்சு ரெடியா இருந்தது. உதைக்கறதுதான் பாக்கி."

"அப்புறம்?"

"இங்கேதான் இருந்தேன். கடைக்காரரையே கேளுங்க."

கடைக்காரர் தலையாட்டினார். "சங்குக்குக் கால் மணி முன்னாடி வந்தார். கடையை விட்டுப் போகவே இல்லை. சங்கு ஊதிச்சு, உடனே வண்டிச் சத்தம். 'கேட்டீங்களா, செத்த வண்டிக்கு உயிர் வந்துடுச்சு!'ன்னு இவர்தான் எங்களுக்கே சொன்னார். துள்ளிக் குதிச்சார் பாவம்."

"சத்தம் எப்படி இருந்தது?"

"ஜோரா இருந்தது மேடம். நான் அந்தக் காலத்துல டிக்கெட் எடுத்து மரணக் கிணறு பார்த்தவன். அதே சத்தம். கிட்ட வர்ற மாதிரி, தூரப் போற மாதிரி, சுத்திச் சுத்தி... அஞ்சு நிமிஷம் மயிர்க்கூச்செடுத்துப் போச்சு. அது நின்னு கொஞ்ச நேரத்துல மருமகப்பிள்ளை உள்ளே போனார். அப்புறம் ஒரே அலறல்."

ஏட்டு கிசுகிசுத்தார். "பார்த்தீங்களா மேடம். நாலு மணிக்கு வண்டியை உதைச்ச ஆள் உயிரோடதானே இருந்திருக்கணும்? அதுக்கப்புறம் உள்ளே போனது ஒரே ஒருத்தன்."

கணக்கு சரியாகத்தான் வந்தது. அதுதான் இன்ஸ்பெக்டருக்கு உறுத்தியது. டீ கொடுத்தார்கள். குடிக்காமல் கிளாஸையே உருட்டிக்கொண்டிருந்தார்.

*

செவ்வாய், காலை.

மருமகனுக்கு இரவோடு இரவாக ஆபரேஷன் முடிந்திருந்தது. உடைந்த விலா நுரையீரலைக் குத்தியிருந்தது. பிழைப்பானா என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கூட்டம், அவன் பிழைத்தால் தாங்களே முடித்துவிடுவதாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் ஒன்றில் கல் விழுந்தது. மகள் அந்தக் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே நின்று இன்ஸ்பெக்டரை மறித்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேடம். என் அப்பாவை என் புருஷன் கொன்னாரா, இல்லையா? உள்ளே போய் அவர் கையைப் பிடிச்சுக்கணும். பிடிக்கலாமா கூடாதான்னு எனக்குத் தெரியலை."

"கொஞ்சம் பொறும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். அதைச் சொல்வதே அவருக்கு அவமானமாக இருந்தது.

பிணவறை டாக்டர் அவசரக்காரர். "சாவு மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. அதுக்கு மேல துல்லியமா என்னால சொல்ல முடியாது. ஏழெட்டு அடி, எல்லாம் முகத்துலயும் தலையிலயும். வெறி பிடிச்சு அடிச்சிருக்கான். உடைஞ்ச பல்லோட இதுவும் கன்னத்துக்குள்ள கிடந்தது. ஆயுதத்துல இருந்து தெறிச்ச சில்லு."

சின்ன உறையைக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார். விரல் நகம் அளவு இரும்புத் துண்டு. ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் பிறை போல வளைந்து. ஓரங்கள் வழவழவென்றிருந்தன.

"தெறிச்ச சில்லு இவ்வளவு அழகாவா தெறிக்கும் டாக்டர்?"

டாக்டர் அடுத்த உடலுக்குப் போய்விட்டார்.

ஸ்டேஷனுக்கு வந்ததும் ஸ்பானரைக் கொண்டுவரச் சொல்லி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு இடத்தில்கூட மூளி இல்லை. பிறகு போலீஸ் வண்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு இரும்புத் துண்டைக் காட்டினார்.

"மேக்னட் கீ மேடம். இன்ஜின் தண்டுல ஒரு பள்ளம் இருக்கும், அதுல இது உட்காரும். இது மேல காந்தச் சக்கரத்தை மாட்டினாத்தான் நேரத்துக்குப் பொறி வரும்."

"இது இல்லாம சக்கரத்தை மாட்டினா?"

"மாட்டலாம். நட்டும் முறுக்கலாம். பொறி கண்ட நேரத்துல வரும். நாள் முழுக்க உதைச்சாலும் ஓடாது."

"மாட்டியிருக்கா இல்லையான்னு வெளியே இருந்து தெரியுமா?"

"மூடி போட்டுட்டா எப்படித் தெரியும்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "ஏட்டையா, எல்லாரையும் கொட்டகைக்கு வரச் சொல்லுங்க. மைக்காரரை வேனோட வரச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக் கூட்டத்தை அமைதிப்படுத்த அவர் குரல் வேணும்னு சொல்லுங்க. சந்தோஷமா வருவார்."

*

செவ்வாய், நண்பகல்.

வந்தார். நேற்று நிறுத்திய அதே இடத்தில் வேனை நிறுத்தினார். கொட்டகைக்குள் ஃபிட்டரின் மனைவி, மகள், டீக்கடைக்காரர், மெக்கானிக். தரையில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு ஏட்டு நின்றார்.

"நேத்து நாலு மணிக்கு இந்த வண்டி ஓடிச்சுன்னு தெருவே சொல்லுது," என்றார் இன்ஸ்பெக்டர். "அப்படின்னா ஒரு உதை உதைச்சா இப்பவும் ஓடணும். பெட்ரோல் இருக்கு. பிளக் புதுசு. உதைப்பா."

மெக்கானிக் உதைத்தார். ஒன்று, இரண்டு, பத்து. வண்டி ஒரு முறை இருமியது. ஒரு முறை கிக்கர் எதிர்த்து அடித்து அவர் முழங்காலைப் பதம் பார்த்தது. அவ்வளவுதான்.

"பழைய வண்டிதானே மேடம்," என்றார் மைக்காரர். "மனசு வைக்கணும்."

"மூடியைக் கழட்டு."

துடைத்துச் சுத்தமாக இருந்த வட்ட மூடி கழன்றது. காந்தச் சக்கரம் கழன்றது. உள்ளே இன்ஜின் தண்டில் பிறை வடிவப் பள்ளம் ஒன்று காலியாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது. தண்டிலும் சக்கரத்திலும் ஃபிட்டர் கீறி வைத்திருந்த இரண்டு அடையாளக் கோடுகள் ஒன்று கிழக்கிலும் ஒன்று மேற்கிலும் நின்றன. இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து இரும்புத் துண்டை எடுத்தார்.

"இது இருக்க வேண்டிய இடம் இங்கே. ஆனா இது எங்கே இருந்தது தெரியுமா? ஃபிட்டர் வாயில. கன்னத்துக்குள்ள அடக்கி வெச்சிருந்தார், வழக்கம்போல. தொலைஞ்சுடக் கூடாதுன்னு."

ஃபிட்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது அவர் வாயில இருக்கும்போதே முகத்துல அடி விழுந்திருக்கு. அப்போ சக்கரம் கழண்டு கிடந்திருக்கு. அதை மாட்டி, நட்டு முறுக்கி, மூடியைப் போட்டு, தன் கைரேகை இருக்கக் கூடாதுன்னு அதை மட்டும் துடைச்சது யாரு? ஃபிட்டர் இல்லை. கீ இல்லாம மாட்ட அவருக்கு என்ன பைத்தியமா? அவர் செத்தப்புறம் மாட்டியிருக்காங்க. பார்க்கறவங்களுக்கு இது ஓடக்கூடிய வண்டியாத் தெரியணும்னு. இந்த வண்டி நேத்து ஓடவே இல்லை."

"ஐயோ, நான் என் காதால கேட்டேனே!" என்றார் டீக்கடைக்காரர்.

"கேட்டீங்க. சுத்திச் சுத்தி வந்துச்சு, கிட்ட வந்து தூரப் போச்சுன்னீங்க. ஸ்டாண்ட் போட்டு நிக்கற வண்டி எங்கே சுத்தப் போச்சு? அது கிணத்துக்குள்ள ஓடின சத்தம். உங்களுக்கு அது எந்தச் சத்தம்னு அடையாளம் தெரிஞ்சதே அதனாலதான்."

அவர் கீயை மெக்கானிக்கிடம் கொடுத்தார். பள்ளத்தில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. கோடும் கோடும் சேர்ந்தன. மகள் முன்னே வந்தாள்.

"நான் உதைக்கறேன்."

மூன்றாவது உதையில் வண்டி அலறியது. கிணற்றுச் சத்தம் இல்லை அது. கரகரவென்று, விட்டு விட்டு, தொண்டை கட்டியவன் திட்டுவது போல ஒரு சத்தம். பன்னிரண்டு வருஷத்துத் துருவும் ஊற வைத்த எண்ணெயும் சைலன்சர் வழியாக நீலப் புகையாக வந்தன. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. எல்லோரும் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்கள். கொடியில் கிடந்த வெள்ளைப் போர்வைகள் கண்ணெதிரே கறுத்தன.

"நேத்து நான் வந்தப்போ இந்தப் போர்வை பளிச்சுனு இருந்தது," என்றார் இன்ஸ்பெக்டர். "கொஞ்சம் மூளை இருந்திருந்தா அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்." பிறகு மைக்காரர் பக்கம் திரும்பினார். "வண்டியை எல்லாம் மாட்டி ரெடியாப் பார்த்தேன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். சத்தம் வந்தப்போ அந்தச் சுவத்தை ஒட்டி ரெண்டு ஒலிபெருக்கியோட நின்னது உங்க வேன். நீங்க டீக்கடையில, பாக்கெட்டுல போன், அங்கே இருந்தே வேன் ஒலிபெருக்கியில எதையும் ஓட விடலாம். கூட்டம் சேர்க்க வாசல்ல போடுவீங்களே, கிணத்துச் சத்தத்தைப் பதிஞ்சு வெச்சு, அது இன்னும் இருக்கா? போனைக் கொடுங்க."

மைக்காரர் சிரித்தார். "கூட்டாளியைப் பறிகொடுத்தவன் மேடம் நான். அவனை நான் எதுக்குக் கொல்லணும்?"

"அது உங்க வேனுக்குள்ள இருக்கும்னு நினைக்கறேன். பழைய கேபிள் உறை மேசை மேல இருக்கு, உள்ளே இருந்த ஒயரைக் காணோம். துருப்பிடிச்ச ஒயரை யாரு எடுத்துட்டுப் போவா? ஒயரை ஒளிச்சு வைக்க ஒயர்க் கட்டைவிட நல்ல இடம் எது?"

சொல்லி வாய் மூடவில்லை. மைக்காரரின் கை வேன் படிக்குக் கீழே போனது. வெளியே வந்தபோது அதில் ஜாக்கி கம்பி இருந்தது. முதல் வீச்சு ஏட்டின் வாயில் விழுந்தது. ஏட்டு இரண்டு பல்லைத் துப்பிக்கொண்டே மண்டியிட்டார். இரண்டாவது வீச்சு மகளின் தலைக்கு. அது இறங்குவதற்குள் இன்ஸ்பெக்டரின் லத்தி அவர் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கம்பி விழுந்தும் ஆள் அடங்கவில்லை. இடக்கையால் இன்ஸ்பெக்டரின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினார். இன்ஸ்பெக்டருக்குக் கண் இருட்டியது. டீக்கடைக்காரரும் மெக்கானிக்கும் சேர்ந்து விழுந்துதான் பிய்த்தெடுக்க முடிந்தது. வாயில் இரத்தத்தோடு ஏட்டு எழுந்துவந்து, மைக்காரரின் முதுகில் அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

ஒயர் கிடைத்தது. மைக் ஒயர்ச் சுருள்களுக்கு நடுவே, இரண்டு துண்டாக. முனைகளைத் துடைத்து இன்ஸ்பெக்டர் வெயிலில் பிடித்தார். பத்துப் பதினைந்து இழைகள் முறுக்கிய ஒயர். பாதி இழைகள் இழுபட்டு, நைந்து அறுந்திருந்தன. மீதிப் பாதி ஒரே நேராக, அரத்தால் அறுத்தது போல மொட்டையாக நின்றன.

"உங்க கொழுந்தன் விழறதுக்கு முதல் நாள் ராத்திரி வண்டிக்குக் காவல் யாரு?"

"இந்த மைக்காரர்தான்," என்றார் ஃபிட்டரின் மனைவி. "எப்பவும் இவர்தான்."

ஏட்டின் எடைக்குக் கீழிருந்து அந்தப் பழைய குரல் வந்தது. முதல் தடவையாக அது கம்மியிருந்தது.

"பாதிதான் அறுத்தேன். தம்பிக்காரன் விழுந்து காலை உடைச்சுக்குவான்னுதான் நினைச்சேன். வண்டியை எடுத்துக்கிட்டுத் தனியா ஆட்டம் போடப் போறேன்னான். அவன் போயிட்டா எனக்கு என்ன இருக்கு? மைக்கும் நானும்தான். ஒரு மாசம் படுக்கையில கிடந்தா புத்தி வரும்னு... சாவான்னு நினைக்கலை."

"அண்ணனையும் காலை உடைக்கத்தான் அடிச்சீங்களா?"

"ஒயரைக் காட்டினான். வாயில எதையோ வெச்சுக்கிட்டு முணுமுணுன்னு என்னென்னமோ கேட்டான். எனக்கு ஒரு வார்த்தை புரியலை. ஒயரைப் பார்த்ததுமே எல்லாம் புரிஞ்சுபோச்சு."

இருபது வருஷம் இந்த வண்டியின் பெருமையை ஊர் ஊராகப் பேசியவர் அவர். ஒரு நாளும் அதைக் கழற்றி மாட்டியதில்லை. சக்கரத்தைச் சொருகி நட்டை முறுக்கினால் போதும் என்று நினைத்துவிட்டார்.

ஜீப்பில் ஏற்றும்போது அடிக்க வந்த கூட்டம் நேற்று வந்த அதே கூட்டம்தான். பம்ப் வைத்திருந்தவனும் இருந்தான். இன்ஸ்பெக்டர் லத்தியைத் தூக்கிக் காட்டினார். ஒதுங்கிக்கொண்டார்கள்.

மகள் செருப்பைக்கூடப் போடவில்லை. "நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்மா," என்று ஓடினாள். மருமகன் கண் விழித்துவிட்டான் என்று அதற்குள் தகவல் வந்திருந்தது.

ஃபிட்டரின் மனைவி மட்டும் கொட்டகை வாசலில் நின்றார். உள்ளே வண்டி இன்னும் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"பன்னிரண்டு வருஷம் அந்த மனுஷன் தூங்கலை," என்றார். "தம்பியைக் கொன்ன பாவின்னு தன்னைத்தானே திட்டிக்கிட்டே இருந்தார். சாகற நேரத்துலயாவது தெரிஞ்சிருக்குமா மேடம், தன் மேல தப்பில்லைன்னு? இல்லை, அதுவும் தெரியாமயே போயிட்டாரா?"

இன்ஸ்பெக்டருக்குக் கழுத்து வலித்தது. அந்த ஐந்து விரலும் இன்னும் அங்கேயே இருப்பது போலிருந்தது. மெதுவாகத்தான் பேச முடிந்தது.

"மத்தியானமே தெரிஞ்சுடுச்சும்மா. அதனாலதான் வந்து அந்தப் படத்தைத் திருப்பி மாட்டினார்."